கண்மேல் வீசப்படும் மாயம்

சினிமாச் செய்திகளில் நாம் அன்றாடம் படிக்கும் ‘கிளாமர்’ என்ற சொல் ஒப்பனை அறையில் பிறந்ததன்று. ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்தில் அது மனிதரை மயக்கி வழிதவறச் செய்யும் வித்தையின் பெயர். ஆலன் ராம்சே என்ற எடின்பரோ கவிஞர், 1721-இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுதியின் அருஞ்சொற்பொருளில் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார். பேயோ மந்திரவாதியோ செப்படி வித்தைக்காரனோ பார்வையை ஏமாற்றினால், பார்ப்பவர் கண்மேல் கிளாமரை வீசிவிட்டதாக மக்கள் சொல்வார்களாம். ‘பார்ப்பவர் கண்மேல்’ என்ற இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பொருளுக்கு ஒன்றும் நேர்வதில்லை. கல் கல்லாகவே கிடக்கிறது. பித்தளை பித்தளையாகவே இருக்கிறது. மாறுவது நம் பார்வை. அதை மாற்றியவர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பழைய மக்கள் இந்த இரண்டையும் மறக்காமல் பேசினார்கள்.

சொல்லின் வேர் இன்னும் ஆழமானது. இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’தான் அவர்கள் நாவில் ரகரம் லகரமாகத் திரிந்து கிளாமர் ஆயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம். அதைக் கற்றவனே கற்றவன். ஏடறியாத உழவனுக்கோ அவன் முணுமுணுப்பது செபமா, சாபமா என்று தெரியாது. இதற்கு ஒரு சான்று, மைக்கேல் ஸ்காட் என்ற அறிஞர். அவர் ஸ்பெயினின் டொலேடோ நகரிலிருந்து அரிஸ்டாட்டிலை அரபு வழியாக லத்தீனுக்குக் கொண்டுவந்தவர். பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில் இருந்தவர். 1235 வாக்கில் அவர் மறைந்து நூறாண்டு ஆவதற்குள், நரகத்தில் தலை முதுகுப்பக்கம் திருகிக் கிடக்கும் குறிசொல்லிகள் கூட்டத்தில், கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவரைச் சேர்த்துவிட்டார். ஸ்காட்லாந்து மக்கள் கதையிலோ அவர் மலையை மூன்றாகப் பிளந்த மந்திரவாதி. இந்த அச்சத்தை வெறும் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. நிலப் பட்டயம் லத்தீனில் எழுதப்பட்ட நாட்டில், படிக்கத் தெரிந்தவன் சொன்னதே தெரியாதவனுக்குச் சாசனம். அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் நடுவே உள்ள தொலைவில்தான் அறிவு மாயமாகத் திரிகிறது. அந்தத் தொலைவைக் குறைக்க மனமில்லாத கல்வி, தான் நினைத்தோ நினையாமலோ, பிறரை மயக்கும் தொழிலில் இறங்கிவிடுகிறது.

மயக்கியவர் யார் என்று கேட்கும் வழக்கத்துக்கும் ஒரு கொடிய பக்கம் உண்டு. காசிலிஸ் பிரபுவின் மனைவி, வாசலில் பாட வந்த ஜிப்சிகள் வீசிய கிளாமரில் அறிவிழந்து அவர்களோடு போய்விட்டாள் என்று ஒரு நாட்டுப்பாடல் சொல்கிறது. ஜிப்சித் தலைவன் பெயர் ஜானி ஃபா. ஃபா என்ற குடிப்பெயர் கற்பனையன்று. 1609-இல் ஸ்காட்லாந்து ஜிப்சிகளை நாடுகடத்தச் சட்டம் செய்தது. 1624-இல் ஃபா குடியினர் பலருக்கு எடின்பரோவில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தடையை மீறி நாட்டில் இருந்ததே அவர்கள் செய்த குற்றம். பாடல் குறிப்பதாக நம்பப்படும் சீமாட்டியோ 1642-இல் இறந்தார். அப்போது கணவர் எழுதிய கடிதத்தில் இருப்பது இழந்தவரின் துயரம்தான், துறக்கப்பட்டவரின் கசப்பு அங்கே இல்லை. ஆனாலும் கதை நிலைத்தது. ஒரு பெண் தன் விருப்பத்தால் வாசலைத் தாண்டினாள் என்று எண்ணவே அஞ்சும் சமூகத்துக்கு, வெளியிலிருந்து வந்த ஒருவன் அவள் கண்ணைக் கட்டினான் என்பது எத்தனை ஆறுதல்! நம் வீட்டுக் கேள்வியை வாசலுக்கு வெளியே நிற்கும் எளியவன் தலையில் ஏற்றிவிடும்போது, மயங்கியிருப்பவர் யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

காலம் மாறிற்று. 1563 முதல் ஸ்காட்லாந்தில் சூனியத்துக்குத் தண்டனை மரணம். 1736-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை நீக்கி, சூனியம் தெரிந்ததாக நடித்து ஏமாற்றுவதையே குற்றமாக்கியது. சூனியக்காரர்கள் சட்டத்திலிருந்து போனார்கள். சொல் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மெல்ல ‘வசீகரம்’ என்ற பொருளுக்கு நகர்ந்தது. 1939-இல் அமெரிக்காவில் ஹாலிவுட்டின் பெயரோடு சேர்த்து ஓர் இதழுக்கே தலைப்பாயிற்று. நாமும் ஒரு நடிகைக்கு, ஓர் ஊருக்கு, ஒரு பதவிக்குக் கிளாமர் இருக்கிறது என்கிறோம். இந்த ‘இருக்கிறது’ சிறிய மாற்றமன்று. அன்று ஒருவர் மற்றொருவர்மேல் செய்த செயல், இன்று பொருளிலேயே குடியிருக்கும் குணம். வீசிய கை சொல்லிலிருந்து மறைந்துவிட்டது. அதை ஏற்ற கண்ணும் மறைந்துவிட்டது. யார் வீசினார்கள், எதற்காக, நான் ஏன் கண்ணைக் கொடுத்தேன் என்ற வினாக்களை எழுப்பும் வாசலே அடைபட்டுப்போனதால், நம்மை இழுத்துச்செல்வது எதுவோ அது இயற்கையின் நியதியைப்போல நமக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது.

அந்தச் சொல்லை உலகறியச் செய்ததில் கவிஞர் வால்ட்டர் ஸ்காட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1805-இல் வெளிவந்த அவருடைய நெடுங்கதைப் பாடலில், பிராங்சம் கோட்டைத் தலைவி தன் மகளின் காதலைத் தடுக்க மந்திர நூல் ஒன்றை நாடுகிறாள். மெல்ரோஸ் மடாலயத்தில் மைக்கேல் ஸ்காட்டின் கல்லறைக்குள் இருக்கும் அந்த நூலை எடுத்துவர வீரன் ஒருவனை அனுப்புகிறாள். அவன் வழியில் காயப்பட்டு விழ, நூல் ஒரு குறளியின் கையில் சிக்குகிறது. இரும்புப் பூட்டில் அவன் குருதியைத் தடவித் திறந்து, குறளி ஒரே ஒரு மந்திரத்தைப் படித்துவிடுகிறது. அதுதான் கிளாமர். சிறைச்சுவரின் சிலந்திவலையை அரண்மனைத் திரைச்சீலையாகவும், கொட்டையோட்டைப் படகாகவும் காட்டும் மந்திரம்.

அதைக்கொண்டு குறளி தலைவியின் சின்ன மகனைக் காட்டுக்கு நடத்திச்செல்கிறது. வாயிற்காவலர் கண்ணுக்கு இரண்டு நாய்கள் வெளியே போகின்றன, அவ்வளவே. ஓடும் நீரோடை எதிர்ப்பட்டதும் மந்திரம் கலைந்து, குறளியின் சொந்த உருவம் தெரிந்துவிடுகிறது. பொய் விலகிற்று, ஆனால் பையன் வீட்டுக்கு வந்துவிடவில்லை. வழியைத் தேடித் தேடியே காட்டின் உள்ளே போகிறான். ஏமாந்தோம் என்று அறிவதும் திரும்பி வருவதும் வெவ்வேறு என்பதை இந்த இடம் நமக்கு உணர்த்துகிறது. இதைவிடக் கலங்கவைப்பது கோட்டையில் நடப்பது. குறளி அந்தப் பையனின் உருவெடுத்து அங்கே உலவுகிறது. பிள்ளை காணாமல் போனதே யாருக்கும் தெரியவில்லை. மனிதன் வழிதவறும்போது அவன் இடம் வெறுமையாக இருந்தால் யாராவது தேடி வருவார்கள். அவனுடைய சாயல் அதே பந்தியில் உண்டு, அதே பெயருக்கு ஏனென்று கேட்டு, அதே கடமைகளைச் செய்துகொண்டிருப்பதால்தான், உள்ளே இருந்தவர் எப்போதோ காட்டுக்குப் போய்விட்டதை உற்றாரும் அறிவதில்லை, பல வேளைகளில் அவரே அறிவதில்லை.

பையனை எதிரி நாட்டு வில்லாளர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலப் படை அவனைக் கொண்டுவந்து கோட்டைக்கு முன் நிறுத்தும்போதுதான் தாய்க்கு உண்மை தெரிகிறது. ஒற்றைச் சண்டையில் ஒருவன் உயிர்விட்ட பிறகே அவன் மீட்கப்படுகிறான். மீட்டுத் தந்தவன், எவனை விலக்கத் தாய் அந்த நூலைத் தேடினாளோ அவனே. மகளை அவனுக்குக் கொடுக்க அவள் இசைகிறாள்.