வேலை முடிந்தபின் வரும் மணித்தியாலம்



குடியை விட்டுச் சில வாரங்களே ஆன ஒருவருக்கு எந்த வேளை ஆபத்தானது? பெருநாளையும் கலியாண வீட்டையும் பலர் சொல்வர். அவற்றுக்கு அவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டே போகிறார். அவரை விழுத்துவது பெரும்பாலும் வேலை முடிந்து வீடு திரும்பும் அந்த ஒரு மணித்தியாலம்தான். முதலாளி ஏசியிருப்பார், உடல் களைத்திருக்கும், வயிறு காய்ந்திருக்கும். முன்பு இவை அத்தனைக்கும் ஒரே மருந்து தவறணையில் இருந்தது.

அயர்லாந்திலே டப்ளின் நகரத் தொழிலாளி மத்தேயு டால்பட் இதை நன்கறிந்தவர். 1856ல் பிறந்து, 12 வயதில் மது வியாபாரி ஒருவரிடம் வேலைக்குப் போய், அங்கேயே குடி பழகியவர். 1884ல் ஒருநாள் கையில் காசின்றி மதுக்கடை அருகே நின்றபோது, கூடிக் குடித்த தோழர்கள் ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. குருமடத்துக்குச் சென்று ஒரு குருவானவரிடம் உறுதிமொழி எடுத்தார். ஆயுள் முழுவதற்கும் அல்ல, வெறும் 3 மாதங்களுக்கு! பின்பு அதை நீட்டினார். ஆயுளுக்கென்று சொன்னது கடைசியில்தான்.

அவருடைய வேலை இலகுவாகிவிடவில்லை. மேசன்மாருக்குக் கல்லும் சாந்தும் சுமந்தார். பின்னாளில் மரக்காலையில் மரம் சுமந்தார். மாறியது வேலைக்குப் பிந்திய நேரம். பழைய தோழர்கள் போகும் வழியை விட்டு நடந்தார். கோவிலுக்குள் போய் இருந்தார். சட்டைப்பையில் காசு வைப்பதை நிறுத்தினார். அவர் உடலில் சங்கிலி அணிந்திருந்ததையே சிலர் பெரிதாகப் பேசுவர். நம் வீட்டுக்காரருக்கு உதவுவது அந்த வெறும் சட்டைப்பைதான் என்பேன். 1925ல் பூசைக்குப் போகும் வழியில் மரித்த அவரை, 1975ல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

களைப்பைப் பாவமாக எண்ணி வெட்கப்பட வேண்டாம். எலியாஸ் தீர்க்கதரிசி கார்மேல் மலையில் வெற்றி கண்ட பின்பே வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து சாவைக் கேட்டார். சம்மனசு அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து, மறுபடி தூங்கவிட்டு, எழுப்பி இன்னொருமுறை உண்ணச் செய்தார். இறைவன் கேள்வி கேட்டது ஓரேபு மலை சேர்ந்த பிறகே.

குடியை விட்டவருக்கு முதல் வாரங்களில் நித்திரை குழம்பும், கோபம் சட்டென வரும். இது உடல் பழைய நிலைக்குத் திரும்பும் பாடு. ஆகவே, இழந்ததை ஒரே மாதத்தில் பிடிப்பதற்காக மேலதிக வேலையெல்லாம் ஏற்காதீர்கள். மதியச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். வேலைத்தலத்தில் நம்பகமான ஒருவருக்காவது விஷயத்தைச் சொல்லி, மாலையில் அவரோடு சேர்ந்தே புறப்படுங்கள். நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அத்தகையவர் முதலில் வைத்தியரிடம் போகட்டும். செபம் வைத்தியத்துக்குப் பகையல்ல.

தாய்மாரே, மனைவிமாரே, நீங்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. ஆயினும் சம்பள நாளன்று வாசலில் நின்று கேட்க வேண்டாம். கூடுமானால் வேலைத்தலத்துக்கே போய்க் கூட்டி வாருங்கள். முதலில் சோற்றைப் போடுங்கள். கடன்கொப்பியை ஞாயிறு பூசை முடிந்து வந்து, இருவருமாக இருந்து பாருங்கள்.