முன்பு கை வைத்தவர்

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த வாக்கில் எனக்கு எப்போதும் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் மோட்டார் கார் பழுது பார்க்கும் பட்டறையில் ஒரு பகல் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அதில் சந்தேகம் வந்துவிடும். அங்கே விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் வேறொருவன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

தலை தேய்ந்த போல்ட்டைத்தான் சொல்கிறேன். போல்ட்டின் தலைக்கு ஆறு பட்டை, ஆறு மூலை. திருப்புகிறவனுடைய பலமெல்லாம் அந்த மூலைகளின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அவை மழுங்கிவிட்டால் பீமசேனனே வந்தாலும் பயனில்லை. ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு சுற்றும். 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் கைக்கு அகப்படவில்லை என்று, பழைய அங்குலக் கணக்கு ஸ்பேனரில் 9/16-ஐ எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கொஞ்சம் ஆடினாலும் பிடிக்கிறதே என்று ஓங்கித் திருப்பினால் மூலை போய்விடும். எப்படியோ இறுக்கிவிட்டு, மேலே கிரீஸைப் பூசி, பானெட்டை மூடிவிட்டால் வண்டி ஓடத்தான் ஓடும். ஐந்து வருஷம் கழித்து வேறோர் ஊரில் வேறொருவர் அந்த இடத்தில் கையை விடுவார்.

அந்த இடத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறினால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சிக்கனமான சின்னக் கார் வேண்டுமென்றபோது அலெக் இஸிகோனிஸ் என்பவர் 'மினி'யை அமைத்தார். 1959-ல் அது வெளிவந்தது. மொத்த நீளமே பத்தடிதான். எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கி, மிச்சம் பிடித்த இடத்தை நான்கு பேர் உட்காரக் கொடுத்துவிட்டார். மேதையின் காரியந்தான், சந்தேகமில்லை. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்கேதான் கிடக்கிறது. ஆனால் நமக்குக் கால் நீட்டக் கிடைத்த இடம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல; பழுது பார்க்கிறவருடைய முழங்கைக்கு இருந்த இடம் அது.

போன ஆடி மாதம் என்னுடைய பழைய காரில் தண்ணீர்ப் பம்பு ஒழுக ஆரம்பித்தது. பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் மூன்று மரியாதையாக வந்துவிட்டன. நான்காவது எஞ்சினுக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவே, நான்கு விரல் மட்டும் நுழையும் சந்தில் இருந்தது. மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். உள்ளே கையை விட்டவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்.

"நமக்கு முன்னாடியே ஒருத்தர் வந்துட்டுப் போயிருக்காரு, ஸார்" என்றார்.

வசவு இல்லை. 'போயிருக்கான்' என்றுகூட வரவில்லை.

கூட இருந்த பையன் சுத்தியை எடுத்து வந்தான். "அடிக்க எடம் ஏதுடா? மொதல்ல எடம் பண்ணு" என்றார் அவர். எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கியைக் கொடுத்து, எஞ்சினைத் தாங்கும் பிடி ஒன்றைக் கழற்றி, இரண்டு விரற்கடை கீழே இறக்கினார்கள். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பாட்டரியைக் கழற்றி வைத்து, பெட்ரோல் குழாயின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, மழுங்கிய தலையின் மேல் ஒரு நட்டை உட்கார்த்தி, அதன் துவாரத்துக்குள் வெல்டிங் வைத்தார். எஞ்சின் அலுமினியம், போல்ட்டு எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். மரைக்குள் பூத்து இறுகியிருந்தது அப்போது விட்டுக்கொடுக்கும். ஆறட்டும் என்று டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து ஸ்பேனரைப் போட்டபோது சின்ன முனகலுடன் போல்ட்டு அசைந்தது. புதியதை மரையில் லேசாக கிரீஸ் தடவி, விரலாலேயே பாதி தூரம் ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார்.

முன்பு வந்தவருக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்டேன். "அவரு தலைமேல யாரு நின்னுக்கிட்டு அவசரப்படுத்தினாங்களோ, ஸார்!" என்றார்.

இதை முழுக்க ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. மூலை மழுங்கியது அவசரத்தாலோ அசதியாலோ இருக்கலாம். கிரீஸைப் பூசி மறைத்தது அசதியால் வந்ததல்ல. அதற்கு நிதானம் வேண்டும். "இந்த போல்ட்டு போய்விட்டது, இப்போதே மாற்றிவிடலாம்" என்று வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? "நீ கெடுத்ததற்கு நான் பணம் தர வேண்டுமா?" என்று கூலியில் கழித்துக்கொள்வார், மறுமுறை வேறு பட்டறைக்குப் போவார். சொல்லாதவருக்கோ முழுக் கூலி, நல்ல பெயரும்கூட. உண்மைக்கு அபராதமும் மௌனத்துக்குச் சம்பளமும் கொடுத்துவிட்டு, தொழிலாளிக்கு மனச்சாட்சி இல்லை என்று அலுத்துக்கொள்வது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காக அந்த மனிதரை விட்டுவிடவும் மனம் வரவில்லை. கூலி போகும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கணக்குச் சீட்டில் பம்பின் விலை இருந்தது, அதை மாற்றுகிற வழக்கமான கூலி இருந்தது. அந்த ஒரு போல்ட்டுக்குப் போன மூன்று மணி நேரத்தைக் காணவில்லை.

"அதை ஏன் சேர்க்கவில்லை?"

"அது உங்க தப்பு இல்லீங்களே."

"உங்கள் தப்பும் இல்லையே?"

கொஞ்சம் யோசித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒன்றரை மணி நேரக் கூலியைச் சேர்த்து எழுதி என்னிடம் நீட்டினார்.