குருதியா? கோர்வையா?

ஐயம்பேட்டைத் தறி வீட்டில் பட்டு நெய்வதைப் பாருங்கள். உடல் ஒரு வண்ணம். கரை வேறொரு வண்ணம். மூன்று நாடாக்கள் ஓட, ஊடை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, இரண்டும் ஒரே சேலையாகின்றன. கோர்வை என்பர் அதனை. சேலை கிழியலாம், கரை பிரியாது என்று பெருமையும் பேசுவர். கரையின் வண்ணத்தை அழித்துவிட்டா இணைக்கிறார்கள்? இல்லை!

குடும்பம் என்பது யாது எனக் கேட்போருக்கு நாம் காட்டும் விடை அதுவே.

காஞ்சியில் 1909இல் பிறந்த அண்ணா, 'தொத்தா' என்று தாம் அழைத்த சிற்றன்னை இராசாமணி அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்தவர். பின்னாளில் அவரும் இராணி அம்மையாரும், அண்ணாவின் தமக்கையின் பேரக்குழந்தைகளைத் தம் மக்களாக ஏற்று வளர்த்தனர். பெறாமை பாசத்துக்குத் தடையாயிற்றா?

சாத்திரமோ தத்துக்கு இடம் தந்தபோதே வேலியும் போட்டது. ஆணாக வேண்டும், அதே சாதியாக வேண்டும். எதற்கு? 'புத்' என்னும் நரகத்தினின்று தந்தையைக் கரையேற்ற! குழந்தைக்கு வீடு தேடினார்களில்லை. பிணத்துக்குக் கொள்ளி தேடினார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டமே பெண்மகவுக்கும் கதவைத் திறந்தது. சாதித் தாழை நீக்கிற்று. தத்து ஓமமும் கட்டாயமன்று என்றது.

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்கிறோம் நாம். அப்படியானால் பிறப்பையே மறைத்துவிடலாமே என்று நம்மவரிற் சிலர் எண்ணக்கூடும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும்! ஆஸ்திரேலியாவில், ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, தொல்குடிக் குழந்தைகளைத் தாய்மடியினின்று பிரித்து, விடுதிகளிலும் வெள்ளையர் இல்லங்களிலும் வளர்த்தனர். மொழி மறந்தது, பெயர் மாறிற்று, தாய் யாரென்பதே பலருக்குத் தெரியாமற் போயிற்று. நன்மை செய்வதாகவே ஆட்சியினர் சொல்லிக்கொண்டனர். 2008 பிப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவோ 1978இலேயே சட்டம் இயற்றி, தொல்குடிக் குழந்தையை ஏற்பதில் உறவினருக்கும் அக்குடியினருக்கும் முதலிடம் தந்தது.

பிறப்பு, மனிதனை அளக்கும் கோலன்று, குழந்தையின் வரலாறு. கோலை முறிப்பது பகுத்தறிவு; வரலாற்றைத் திருடுவது கொடுமை!

நம் இல்லங்களிலும், வந்த பிள்ளையிடம் உண்மையை ஒளிக்கும் வழக்கம் உண்டு. சொன்னால் பாசம் குறையுமாம்! உண்மையைக் கண்டு நடுங்குவது எத்தகைய பாசம்? இந்தியாவின் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகள், 18 வயது நிரம்பியோர் தம் வேரைத் தேட இடமளிக்கின்றன. சட்டம் ஒப்பியதை இல்லம் மறுப்பதா?

இளைஞர்களே! மகவை ஏற்க முன்வாருங்கள். சாதி கேளாதீர், ஆணா பெண்ணா என்று பாராதீர். ஏற்றபின், அதன் கதையை அதனிடமே ஒப்படையுங்கள். கரையின் வண்ணம் காத்தே கோர்வை போடுவோம்!