வழிகாட்டுவோருக்கும் கூலி உண்டா?

எந்த வேலைக்குச் செல்வது, அதில் எவ்வாறு முன்னேறுவது என்று இளைஞருக்கு அறிவுரை கூறுவதே இன்று ஒரு வேலையாகிவிட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் நிறுவனங்களும் ‘மென்டர்’ என்ற பெயரில் வழிகாட்டிகளை நியமிக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கல்லூரி ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவதற்கென ஒரு தேசிய இயக்கத்தையே முன்மொழிந்தது. மாணவர்களுக்கு வழிகாட்ட, 2022-இல் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய பணியை நாடும் அன்பர்களின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு: ‘நல்வழி காட்டுவதற்குப் பணம் பெறலாமா? அது அறிவை விலை பேசுவதாகாதா?’

ஆசாரியரும் உபாத்தியாயரும்

இந்த ஐயம் பழமையானது. காளிதாசர் தமது ‘மாளவிகாக்னிமித்திரம்’ நாடகத்தில், கற்ற கல்வியைப் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துவோரை வணிகர் வரிசையில் வைக்கிறார். அதில் ‘மட்டுமே’ என்ற கருத்து கவனத்திற்குரியது. பிழைப்பு குற்றமல்ல, பிழைப்பைத் தவிர வேறு நோக்கம் இல்லாமையே குற்றம்.

மனுஸ்மிருதி கற்பிப்போரை இரு வகையாகப் பிரிக்கிறது. மாணவனுக்கு உபநயனம் செய்வித்து வேதம் முழுவதையும் கற்பிப்பவர் ஆசாரியர். அதன் ஒரு பகுதியை வாழ்க்கைப்பாட்டுக்காகக் கற்பிப்பவர் உபாத்தியாயர். ஆசாரியருக்கே மதிப்பு அதிகம். ஆயினும் உபாத்தியாயரை மரபு ஒதுக்கிவிடவில்லை. நாம் அன்போடு ‘வாத்தியார்’ என்று அழைப்பது அவரைத்தான்.

இன்றைய தொழில்முறை வழிகாட்டி ஓர் உபாத்தியாயர். ஊதியம் பெறும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் தம்மைக் குருவாகக் காட்டிக்கொண்டு, பிறர் வாழ்க்கை முழுவதற்கும் தீர்ப்புக் கூறத் தொடங்கினால் அங்கே தவறு தொடங்குகிறது.

காட்டு வழியின் பாடம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், மாம்பழத்திற்குப் பெயர்பெற்ற முதலமடை ஊராட்சிக்குள் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் அமைந்துள்ளது. ஊராட்சி ஒன்றேயாயினும், பயணியர் வாகனங்கள் தமிழகத்தின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் சுற்றியே அங்கே செல்கின்றன. காட்டைச் சுற்றிப் பார்க்க வருவோருக்குத் துணையாக வருபவர்கள், அந்தக் காட்டிலேயே வாழும் பழங்குடி மக்கள். அவர்களுக்கு அது வேலை, ஊதியம் உண்டு. அதனால் அவர்களது வழிகாட்டலின் மதிப்பு குறைவதில்லை. ஏன்?

காட்டு வழிகாட்டி தாம் நடந்து பழகிய பாதையிலேயே பிறரை அழைத்துச் செல்கிறார். புலியைக் காட்டுவதாக அவர் உறுதி கூற இயலாது. காடு அவருக்குக் கட்டுப்பட்டதல்ல. பயணம் முடிந்ததும் வந்தவர் தம் வழியே சென்றுவிடுகிறார். தொழில்முறை வழிகாட்டிக்கு வேண்டிய மூன்று தகுதிகளும் இதில் அடங்கியுள்ளன: அனுபவம், வாய்மை, விடுவித்தல்.

முதல் தகுதிக்கு மற்றொரு சான்று, வயநாட்டில் 2017-இல் கேரள அரசு தொடங்கிய ‘கோத்ரபந்து’ திட்டம். வீட்டில் தம் சமூகத்தின் மொழியைப் பேசி வளர்ந்த பழங்குடிக் குழந்தை, மலையாள வகுப்பறையில் திகைத்துப் பள்ளியைவிட்டே விலகிவிடுவதுண்டு. ஆகவே பழங்குடிச் சமூகங்களிலேயே ஆசிரியர் பயிற்சி பெற்ற இளைஞர்கள் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். குழந்தையின் மொழியும் வீடும் அவர்களுக்குப் புதியவை அல்ல. அந்த அனுபவமே அவர்களுக்கு வேலையைப் பெற்றுத் தந்தது.

விடுவிப்பதே வெற்றி

மூன்றாம் தகுதியே மிகக் கடினமானது. பிற தொழில்களில் வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வருவது வெற்றி. இத்தொழிலிலோ, அவர் வரத் தேவையில்லாத நிலை பிறப்பதே வெற்றி. சந்திப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுபவரை இது சோதிக்கிறது. மாணவன் தெளிவடைந்தால் வருமானம் நின்றுவிடும். அவனது தயக்கம் நீடித்தால் வருமானமும் நீடிக்கும். இந்த இடத்தில் தடுமாறுபவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வழிகாட்டி அல்லர்.

பார்த்தசாரதி கடிவாளத்தைப் பிடித்தார், வில்லை எடுக்கவில்லை. உபதேசம் அனைத்தும் செய்த பின்னர், நன்கு ஆராய்ந்து முடிவெடுக்கும் பொறுப்பை அர்ஜுனனிடமே விட்டார்.

நம் காலத்திலும் சான்று உண்டு. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று தோல்வியுற்றது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர் முன்னிலையில் அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது, பத்திரிகையாளரைச் சந்திக்குமாறு கலாமைப் பணித்தார். இதைக் கலாம் பல மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இப்பணியை நாடுவோருக்கு

முதலில் ஒரு துறையில் சில ஆண்டுகளேனும் உழைத்துத் தேர்ச்சி பெறுங்கள். அத்துறையில் மட்டும் வழிகாட்டுங்கள். பிறவற்றிற்கு அறிந்தவரிடம் அனுப்புங்கள். ஊதியத்தைக் கூச்சமின்றி, வெளிப்படையாகக் கேளுங்கள். எத்தனை சந்திப்புகள் என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுங்கள். வேலை கிடைத்தே தீரும் என்று வாக்களிக்காதீர்கள். கட்டணம் செலுத்த இயலாத ஒருவரையேனும் எப்போதும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் விற்பனைக்கு மட்டும் அமர்ந்திருக்கவில்லை என்பதை அது நமக்கே நினைவூட்டும்.

ஆண்டு முடிவில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கிடுவது வழக்கம். எத்தனை பேருக்கு இனி நம் துணை தேவையில்லை என்றும் எண்ணிப் பார்ப்போம். அந்த எண்ணிக்கை வளர்ந்திருந்தால், பெற்ற கூலி அறத்தின் வழியே வந்த கூலிதான்.