நனைந்த காமிராவின் விலை

கடைச் சிப்பந்தியின் கை தவறி, குவளைத் தண்ணீர் முதலாளியின் காமிராவில் கொட்டிவிட்டது என வைத்துக்கொள்வோம். 1954-இல் வெளிவந்த லைக்கா எம்3, தகப்பனார் வைத்திருந்தது. சிப்பந்தி தர வேண்டிய ஈடு யாது?

சந்தை விலை என்பர் வணிகர். முறைதான். வேண்டுமென்று செய்யவில்லை என்பது குற்றத்தை நீக்குமேயன்றி நட்டத்தை நீக்காது. ஆனால் நனைந்த அரிசி மூட்டைக்கு வேறொரு மூட்டை ஈடாகும். தகப்பனார் கைபட்டுத் தேய்ந்த தேய்வு வேறொரு லைக்காவில் இராதே! அந்தப் பிரியத்துக்கும் விலை கேட்கலாமா? கூடாதென்பேன். அது முதலாளி தாமே வளர்த்தது. சிப்பந்தியின் பேரேட்டில் ஏறாதது. அதைச் சம்பளத்தில் பிடிப்பது எழுதாத கடனை வசூலிப்பதாகும். எனினும், “பழைய பெட்டிதானே” என்று அவன் நகர்ந்துவிடுவதும் நியாயமன்று. பணத்தில் அடங்காத மிச்சத்துக்கு மனம் வருந்திச் சொல்லும் ஒரு வார்த்தையேனும் கடன்தான்.

இன்னொன்றும் உண்டு. எம்3 மின்கலமின்றி இயங்குவது. நல்ல தண்ணீர் பட்டவுடன் செத்துவிடாது. (உப்புநீரென்றால் வேறு கதை.) உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் பிரித்து உலர்த்தி எண்ணெயிடுவார். தாமதித்தால் உள்ளே துரு, கண்ணாடியில் பூஞ்சை. முதலாளி இரண்டு நாள் ஏசிக்கொண்டே அதை மேசையில் வைத்திருந்தாரென்றால், அந்தத் துருவை யார் பெயரில் பற்றெழுதுவது?