கோர்வையும் கூலியும்

கைத்தறியைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகளே நம் காதில் விழுகின்றன. ஒன்று அழகியல்காரர்களுடையது, மற்றது திட்டக்காரர்களுடையது. மரபுக் கலை பிழைத்தால் நெசவாளியும் பிழைப்பார் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. எனக்கு உண்டு. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையை வைத்தே சொல்கிறேன்.

புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, சேரும் இடத்தில் இழையோடு இழை கோர்ப்பதுதான் கோர்வை. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் இருப்பவர் ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் கூட உட்கார்ந்தாக வேண்டும். வெகுகாலம் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு குழந்தை. சொந்த வீட்டுக் குழந்தை, அல்லது பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்கு வந்த பிறர் வீட்டுக் குழந்தை. இரு நிறங்கள் பிசிறில்லாமல் சந்திக்கும் அந்தக் கோட்டை மரபின் மேதைமை என்கிறோம். மேதைமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கணக்கில் ஒரு கூலி எழுதப்படாமலே இருந்தது.

குழந்தை பள்ளிக்கூடம் போனதும் அந்தக் கூலி வெளியே தெரிந்தது. வளர்ந்த ஆளை வைத்தால் விலை ஏறும். வைக்காவிட்டால் கோர்வையை விட்டு, ஒற்றை ஆள் நெய்யக்கூடியதை நெய்ய வேண்டும். பலர் இரண்டாவதைச் செய்தார்கள். உடனே மரபு அழிகிறதென்ற புலம்பல். எனக்கு இந்தப் புலம்பல் ஆபாசமாகப் படுகிறது.

2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றார்கள். கூடவே, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு விலக்கு. கைத்திறன் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டாமா என்பது அதற்குச் சொன்ன நியாயம். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. வக்கீல் பிள்ளை சாயங்காலம் கட்சிக்காரர்களின் கட்டுகளைச் சுமந்து தொழில் பயிலட்டும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அது காப்பது பெயரை. கூலி அதன் விஷயமில்லை. மரபின் வழியே முன்னேற்றம் என்றால், பிள்ளை தறிக்குழியில் இறங்குவதா, இறங்காமலிருக்க முடிவதா? பின்னதுதான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகும் விரும்பி இறங்குகிறவரைக் கலைஞர் என்று கூப்பிடுவதில் எனக்குக் கூச்சமிருக்காது.

அப்படியானால் கோர்வை போய்விடுமே என்கிறார் நண்பர். போகலாம். இரண்டு வளர்ந்த ஆட்களின் முழுக்கூலியையும் கொடுத்து வாங்க ஆளிருந்தால் இருக்கும். அந்த விலைக்கு வாங்க என்னால் முடியாது என்பது வேறு விஷயம்.