தனி இலை

நான் அஞ்சாம் வகுப்பு படிக்கையில் சத்துணவு நேரத்தில் எங்க தெருப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்காருவோம். மத்தப் பிள்ளைகள் தாழ்வாரத்தில். யாரும் உத்தரவு போட்டதில்லை, அது பாட்டுக்கு நடக்கும். ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தேன். வாத்தியார் வந்து, "ஏலே, ஒன் எடம் அங்கல்லா இருக்கு" என்றார். திட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது சேரன்மாதேவி குருகுலத்தின் வரலாற்றை வாசித்தேன். எங்க சங்கரன்கோயிலும் அப்போது அதே திருநெல்வேலி ஜில்லாதான். வெள்ளைக்காரனுக்குக் குமாஸ்தா தயாரிக்கிற படிப்புக்கு மாற்றாக, தாய்மொழி, கைத்தொழில், உடற்பயிற்சி என்று 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய பரிசோதனை அது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஏற்று 5,000 கொடுத்தது. பிராமணரல்லாதார் பணமும் அதில் உண்டு. அங்கேதான் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள்.

பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். வாக்குத் தவறாமை நல்ல குணம்தான். ஆனால் வாக்குக் கொடுத்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு பிள்ளைகள். அடுத்தவன் முதுகில் எழுதிக்கொடுத்த பத்திரம் எப்படிச் செல்லும்? இத்தனைக்கும் 1916இலேயே திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர்.

1925இல் காந்தி ஒரு வழி சொன்னார்: அந்த இருவரும் தனியே சாப்பிடட்டும், இனிமேல் சேர்ந்து உண்ணச் சம்மதிப்பவர்களை மட்டும் சேருங்கள். நாயுடு தரப்பு ஏற்கவில்லை. கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. நாளைக்கு வரும் பிள்ளைக்கு நியாயம் சரி, இன்றைக்கு இலை போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு? தள்ளிவைக்கிற நீதியை நமக்குத் தெரியாதா.

இந்தச் சண்டைக்கு வரலாற்றில் பிராமணர் – பிராமணரல்லாதார் சண்டை என்று பேர். அந்தப் பேரில் நாம் எங்கே இருக்கிறோம்? சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916இலேயே நந்தனார் பள்ளியைத் தொடங்கி, நம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறும் எழுத்தும் கொடுத்தார். அதைத் தேசியக் கல்விப் பரிசோதனை என்று எழுதியவரை நான் பார்த்ததில்லை.

ஐயர் அந்த வருஷமே குருகுலப் பொறுப்பைவிட்டு விலகினார். ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து, அவரும் போய்விட்டார். அந்த மனுஷனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் யோசிக்க இவ்வளவு கஷ்டம் இருக்காது.

எங்க வாத்தியாரும் நல்லவர்தான். ரிட்டையர் ஆகி ஊரில்தான் இருக்கார். பஜாரில் பார்த்தால், "நல்லாருக்கியாலே?"ன்னு தோளில் கைபோட்டுக் கேட்பார். கேக்கணும்னு வச்சிருந்த கேள்வியை முழுங்கிட்டு, "நல்லாருக்கேன் சார்"னு சொல்லிட்டு வந்துருவேன்.